ஆறாம் தூண், கையெட்டும் உயரம் வரை

1

கடல் கடந்தவர்கள்தான் ஊருக்கு இப்படிக் குறிப்பு எழுத வேண்டும் என்று சட்டம் ஏதும் இருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள். நான் எந்தக் கடலையும் கடக்கவில்லை. குடியாத்தத்தில் ரயில் ஏறினேன், ஜோலார்பேட்டையில் ஒரு டீ குடித்தேன், பெங்களூரில் இறங்கினேன். இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. துபாய்க்குப் போனவன் வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறான், நாலு மணி நேரத்தில் இருக்கும் இவன் ஒரு தடவைதான் வருகிறான் என்று ஊரில் நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். துபாய்க்காரனை ஏற்றிச் செல்ல விமானம் நிற்கிறது. பெங்களூர் மர்பி டவுனில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு என்னை ஏற்றிச் செல்ல ஒரு ஆட்டோக்காரர் மனம் இரங்க வேண்டும்.

ஒவ்வொரு முறை வரும்போதும், "நீ அங்க என்னதான்பா வேலை பண்ற?" என்று கேட்கிறீர்கள். நானும், "பழைய பாலங்களுக்கு பெல்ட் போடுகிறேன்" என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறேன். இந்த முறை கொஞ்சம் விளக்கமாகவே எழுதலாம் என்று தோன்றியது. காரணம், போன மாதம் அலுவலகத்தில் என் மேஜைக்கு வந்த ஒரு கோப்பு.

நகரத்தின் கிழக்குப் பக்கம் ரயில் பாதைக்கும் அதை ஒட்டிய சாலைக்கும் மேல் போகும் ஒரு பாலம். பெயர் வேண்டாம். அதன் அகலத்தைக் கூட்டி இன்னொரு தடம் சேர்க்கப்போகிறார்கள். அப்படிச் சேர்க்கும்போது, பூகம்பம் வந்தால் பழைய தூண்கள் தாங்குமா என்று இன்றைய விதிகளின்படி பார்த்து, தாங்காதவற்றை வலுப்படுத்த வேண்டும். "பெங்களூரில் ஏது பூகம்பம்?" என்பீர்கள். இங்கே எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். இந்த ஊரில் அது அபூர்வம்தான். ஆனால் தூணுக்கு ஊர்ப் பாசம் எல்லாம் கிடையாது. தரை எந்தக் காரணத்துக்காக ஆடினாலும் அதுவும் சேர்ந்து ஆடித்தான் ஆக வேண்டும்.

கோப்பைப் பிரித்தேன். பழைய வரைபடங்கள். அடியில் பழுப்பேறிய ஒரு தாள்: 'ஆறாம் தூண். கம்பிக்கட்டு சரிபார்க்கப்பட்டது. கான்கிரீட் போடலாம்.' கீழே ஒரு கையெழுத்து. கடைசி எழுத்திலிருந்து காற்றாடி போல நீளமாக ஒரு வால்.

இருபத்திரண்டு வயதில் எனக்கு மட்டும்தான் அப்படி ஒரு வால் இருந்தது.

2

டிப்ளமோ முடித்து வந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை அந்தப் பாலத்தில் சூப்பர்வைசர். அந்த வேலைக்கு வந்தவனுக்கு ஒரே ஒரு சின்னக் குறை. உயரம் என்றால் பயம். சிரிக்காதீர்கள். மீன் கவிச்சி பிடிக்காதவன் மீன் வண்டி ஓட்டுவதில்லையா?

தூணுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெட்டுக்குத்தாகத் தடித்த கம்பிகள் நிற்கும். அவற்றைச் சுற்றி, ஏணிப்படி மாதிரி அடுத்தடுத்து, மெல்லிய கம்பியில் வளையங்கள் கட்டுவார்கள். எங்கள் தளங்களில் ரிங் என்பார்கள். அது எதற்கு? என் வயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து அழுத்தினால் அது பக்கவாட்டில்தான் பிதுங்கும். பிதுங்காமல் பிடித்து வைப்பது பெல்ட். பூகம்பத்தில் தூண் இப்படியும் அப்படியும் வளையும்போது உள்ளே இருக்கும் கான்கிரீட்டும் அப்படித்தான் வெடித்து வெளியே வரப் பார்க்கும். ரிங் நெருக்கமாக இருந்தால் பிடித்துக்கொள்ளும். தள்ளித் தள்ளி இருந்தால், கல்யாண விருந்துக்குப் பிறகு என் சட்டைப் பொத்தான்கள் எடுக்கும் முடிவைத் தூணும் எடுக்கும்.

வரைபடத்தில் ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங் என்று இருந்தது. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் அதை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நான் டேப்பை எடுத்துக்கொண்டு தூணின் அடியில் நிற்பேன். கையெட்டும் உயரம் வரை அளப்பேன். ஏழடி. அதற்கு மேல் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மேலே போகப் போக ரிங்குகள் எல்லாம் ஒன்றோடொன்று நெருங்கித் தெரியும். கண் அப்படித்தான் காட்டும். அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

கம்பி கட்டுபவர்களுக்குத் தலைவர் கஜேந்திரன் மேஸ்திரி. பெங்களூரிலேயே நீலசந்திராவில் வீடு. ஆறாம் தூணுக்குக் கான்கிரீட் போடும் அன்று காலையிலேயே கலவை மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. மேஸ்திரி சாரத்தின் உச்சியில் நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"சூப்ரவைசரு! ஏறி வந்து ஒருவாட்டி பாத்துட்டுப் போய்டு."

நான் அண்ணாந்து பார்த்தேன். உச்சி இருபதடி. சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் கட்டிய சாரம். காற்றில் லேசாக முனகியது.

"பாத்த மாதிரிதான் மேஸ்திரி!" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் அங்கேயே நின்றார். பிறகு, "சரி, உன் இஷ்டம்" என்றார். நான் வால் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

3

இப்போது எங்கள் அலுவலகத்தில் என் பதவி தரக் கட்டுப்பாடு. ஆமாம், நான்தான். ஆண்டவனுக்கு என்னைவிட நகைச்சுவை உணர்வு அதிகம்.

இந்தப் பாலத்துக்குப் பொறுப்பு சைத்ரா மேடம். மைசூர்க்காரர், முப்பது வயது, கணக்கில் புலி. என்னை 'ஸ்ரீனிவாஸ் அவரே' என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அந்த 'அவரே'யில் மட்டும் எனக்கு ஓரடி உயரம் கூடும். தூணை உடைக்காமல் உள்ளே கம்பி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி ஒன்று எங்களிடம் இருக்கிறது. தூணின் மேல் உருட்டிக்கொண்டு போனால் ரிங் வரும் இடத்தில் 'பீப்' என்று கத்தும். இரண்டு பேர் போய்ப் பன்னிரண்டு தூண்களையும் உருட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். எல்லாம் ஆறு அங்குலம். வரைபடத்தில் இருப்பது தூணிலும் இருக்கிறது என்று மேடத்துக்கு ஒரே சந்தோஷம்.

எவ்வளவு உயரம் வரை உருட்டினீர்கள் என்று அவர்களிடம் கேட்டேன்.

"கை எட்டற வரைக்கும் சார். மேல போக லிஃப்ட் கேக்கணும், ரோடு மறிக்கணும்."

இருபத்தாறு வருடத்தில் விஞ்ஞானம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. கை மட்டும் அதே நீளத்தில் நின்றுவிட்டது.

அந்த அளவை நம்பி மேடம் திட்டம் போட்டார். தூணின் அடியில் கம்பிகளை ஒட்டுச் சேர்த்திருக்கும் இடம்தான் பலவீனம். அங்கே மட்டும் இரண்டு மீட்டர் உயரத்துக்கு கார்பன் ஃபைபர் துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றுவது. கறுப்பாக இருக்கும், காய்ந்தால் இரும்பைத் தோற்கடிக்கும். மேல்பகுதியில் ரிங்குகளே போதும், தொட வேண்டாம். வரைபடம் சரி என்றால் கணக்கும் சரி.

மேலே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு மேஸ்திரி ஏன் அத்தனை நேரம் பேசாமல் நின்றார்? அந்த ஒரு நிமிடத்தை நான் இத்தனை வருடம் யோசித்ததே இல்லை. இப்போது சாப்பிடும்போதுகூட அதுதான் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தால் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி, தானே போட்ட பொய்க் கையெழுத்தைத் தானே கண்டுபிடித்தான் என்று அறிக்கையில் ஏறும். திறக்காவிட்டால், மேல்பகுதி இன்னும் ஐம்பது வருடம் அப்படியே நிற்கும். நிற்கலாம். நிற்காமலும் போகலாம்.

4

மேஸ்திரிக்கு எழுபது தாண்டிவிட்டது. நீலசந்திராவில் அதே சந்து, அதே வீடு, மேலே ஒரு மாடி மட்டும் கூடியிருந்தது. கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாபா சூப்ரவைசரு! இன்னா, வயிறு பில்லர் கணக்கா வளந்துக்குது?"

"உள்ள ரிங்கு சரியா கட்டல மேஸ்திரி."

சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார். டிவியில் ஏதோ கன்னட சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. நான் சுற்றி வளைக்காமல், ஆறாம் தூண் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"எதுக்குக் கேக்கற?"

"பாலத்துக்கு பெல்ட் போடறோம். அடியில மட்டும்."

"மேலயும் போட்டுடு."

"ஏன் மேஸ்திரி?"

"போட்டுடுன்னா போட்டுடு. கேள்வி கேக்கற பயக்கம் உனுக்கு அப்ப இல்லியே, இப்ப எங்கிருந்து வந்துச்சி?"

சமையலறையிலிருந்து அவர் மனைவி இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்துத் திரும்பிப் போனார். மேஸ்திரி காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"ரிங்கு பத்தலபா அன்னிக்கு. ஆறாம் நம்பருக்கு வளைச்சி வெச்சதுல பாதிய அஞ்சாம் நம்பருக்கு எடுத்துப் போட்டுட்டானுங்க. எனக்குத் தெரியறப்ப மிஷினு ஓடிக்கினு இருக்குது. கீய நெருக்கமா கட்டிட்டேன். ஆளு உசரத்துக்கு மேல ஒண்ணுவுட்டு ஒண்ணு. மத்த பில்லர்ல அப்டி இல்ல, அது ஒண்ணுலதான்."

"நான் அளப்பேன்னு தெரிஞ்ச இடத்துல மட்டும் நெருக்கம்."

"நீ அளக்கற எடம் சைட்டுக்கே தெரியும்பா."

"மிஷினை நீங்களே நிறுத்தியிருக்கலாமே மேஸ்திரி?"

அவருக்குக் கோபம் வந்தது. டம்ளரை வைத்துவிட்டார்.

"கம்பி கட்றவன் நிறுத்துன்னா எவன் நிறுத்துவான்? சூப்ரவைசர் சொன்னாதான் நிறுத்துவான். அதுக்குத்தான் உன்ன ஏறி வான்னு கூப்ட்டேன். நீ ஏறி வந்து, இன்னா மேஸ்திரி இது அநியாயம்னு ஒரு சத்தம் போட்டிருந்தா, ஒரு மணி நேரத்துல மிச்சத்த வளைச்சிக் கட்டியிருப்பேன். நீ இன்னா சொன்ன?"

"பாத்த மாதிரிதான்னு சொன்னேன்."

"ஆங்."

அவர்தான் அன்று என்னை ஏமாற்றினாரோ என்ற ஒரு சின்ன ஆறுதல் எனக்கு இருந்தது. காபி ஆறுவதற்குள் அதுவும் போய்விட்டது. தன்னைத் திட்டுவதற்காக என்னை மேலே கூப்பிட்டிருக்கிறார். நான் திட்டுவதற்குக்கூட ஏறவில்லை.

5

மறுநாள் சைத்ரா மேடத்திடம் சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த கன்னட வாக்கியங்கள் எல்லாம் வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டன. பழைய தாளை எடுத்து வைத்து, வாலைக் காட்டி, "இது நான்தான்" என்றேன். மீதி தமிழும் கன்னடமும் இங்கிலீஷுமாக, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் மாதிரி இடித்துக்கொண்டு வெளியே வந்தது.

"நிஜவா, ஸ்ரீனிவாஸ் அவரே?" என்றார். நிஜமாகவா என்று கேட்கிறார்.

"நிஜா, மேடம்."

வரைபடத்தை இழுத்து ஆறாம் தூணைப் பென்சிலால் வட்டமிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, வாயால் சொன்னதை வைத்துக் கணக்கை மாற்ற முடியாது, மேலே ஏறி அளந்தாக வேண்டும், அறிக்கையில் உங்கள் பெயரும் வரும் என்றார். வரட்டும் என்றேன். அவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். குரல் கலவை மிஷின் மாதிரி இருந்தது. வேலை இருக்குமா என்று கேட்கவும் பயம். அவரும் சொல்லவில்லை.

மேலே ஏற சாரம் வேண்டும். சாரம் நிற்க, பாலத்துக்கு அடியில் போகும் சாலையை ஒரு ஞாயிறு காலை மறிக்க வேண்டும். அதற்கு விண்ணப்பம், கன்னடத்தில், மூன்று பிரதி. அனுமதி தரும் அலுவலகத்தில் மூன்று ஜன்னல்களுக்கு அலைந்தேன். முதல் ஜன்னல் இரண்டாவதைக் காட்டியது. இரண்டாவது மூன்றாவதை. மூன்றாவது ஜன்னலில் இருந்தவர், "காரணம் எழுதும் இடம் காலியாக இருக்கிறதே" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். நான் கன்னடம் பேசுவேன். பஸ் போர்டு படிப்பேன். எழுதுவது என்றால் மகள்தான்.

கீர்த்தனாவுக்குப் பதினாறு. பள்ளியில் கன்னடம். தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. ஆகவே இந்தக் குறிப்பில் அவளைப் பற்றி எதை வேண்டுமானாலும் தைரியமாக எழுதலாம். ஊரில் யாரும் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

அவள் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். "காரணம் என்னப்பா?"

"தூணின் மேல்பகுதியை அளக்க வேண்டும்னு எழுது."

"அதான் முதல் லைன்லயே இருக்கே. இப்போ எதுக்கு, ஏன் முன்னாடியே அளக்கலன்னு கேப்பாங்கல்ல?"

"முன்னாடி அளக்கல. எழுது."

"ஏன்?"

"அளந்தவன் ஏறல."

"யாரு அது, அந்த சோம்பேறி?"

சமையலறையில் என் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது. அது நான்தான் என்று சொன்னேன். கீர்த்தனா சிரிப்பாள் என்று நினைத்தேன். நான் எதைச் சொன்னாலும் கடைசியில் சிரிப்பில்தான் முடியும் என்று இந்த வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. அவள் சிரிக்கவில்லை.

"அந்த பிரிட்ஜ் மேலதான்ப்பா என் ட்யூஷன் பஸ் போகுது" என்றாள்.

அந்த பஸ் எந்த வழியாகப் போகிறது என்று நான் கேட்டதே இல்லை. சாப்பிட்டியா, படிச்சியா, மார்க் எவ்வளவு என்று கேட்பேன், அட்டையில் கையெழுத்துப் போடுவேன். பிள்ளை வளர்த்ததும் ஏழடி வரைதான். இந்த நகரத்தில் வாழ்ந்ததும் அப்படித்தான். காய்கறி வாங்கும் அளவுக்குக் கன்னடம், வணக்கம் சொல்லும் அளவுக்கு அக்கம்பக்கம். அதற்கு மேல் எல்லாம் அண்ணாந்து பார்த்தது. அங்கிருந்து எல்லாமே நெருக்கமாகத்தான் தெரிந்தது.

கீர்த்தனா எழுதி முடித்துத் தாளை நீட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'முன்பு கையெட்டும் உயரம் வரை மட்டுமே அளக்கப்பட்டது' என்று எழுதியிருந்தாள். சோம்பேறி என்ற சொல் இல்லை. கேட்டதற்கு, "ஆபீஸ் லெட்டர்ல அதெல்லாம் பேடாப்பா" என்றாள். வேண்டாமாம்.

மூன்றாவது ஜன்னல் ஒரு கேள்வியும் கேட்காமல் முத்திரை குத்தியது.

6

ஞாயிறு காலை ஏழு மணி. சாலையை மறித்து, ஆறாம் தூணைச் சுற்றிக் குழாய்ச் சாரம் நின்றது. மேஸ்திரி வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, கல்யாணத்துக்கு வந்தவர் போல பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் கூப்பிடவில்லை. விஷயத்தை மட்டும் சொல்லியிருந்தேன். கீர்த்தனா கையில் போனோடு வந்திருந்தாள், அப்பா ஏறுவதைப் படம் எடுக்க. அப்படி ஒரு படம் வீட்டில் இல்லை.

சைத்ரா மேடம், "பையன்கள் ஏறட்டும், நீங்கள் கீழேயே இருங்கள்" என்றார். இல்லை என்றேன். இடுப்பில் பாதுகாப்பு வாரை மாட்டினார்கள். கடைசி ஓட்டை வரை இழுத்தும் என் வயிற்றுக்குப் பத்தவில்லை, பெரிய வார் தேடி எடுத்து வந்தார்கள்.

முதல் தட்டு வரை சிரித்துக்கொண்டே போனேன். இரண்டாவது தட்டில் சிரிப்பு கீழே விழுந்துவிட்டது. மூன்றாவது தட்டில் சாரம் ஆட ஆரம்பித்தது. கண்ணை மூடிக் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கடகடவென்று சத்தம். உண்மையாகவே வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கீழேயிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது.

"பூகம்பம் இல்லபா! உன் காலு!"

சாலையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததில் கொஞ்சம் ஆட்டம் குறைந்தது.

தூணின் தலைக்கு வந்தேன். இருபத்தாறு வருடம் தாமதமாக. கருவியை வைத்து உருட்டினேன். பீப். உருட்டினேன், உருட்டினேன். வெகுதூரம் கழித்து பீப். ஒவ்வொரு பீப்புக்கும் மஞ்சள் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தட்டாக இறங்கி வந்தேன். ஒரு அடிக்கு ஒன்று. ஒரு அடிக்கு ஒன்று. ஏழடி உயரத்துக்கு வந்ததும் கருவி அவசரம் அவசரமாகக் கத்த ஆரம்பித்தது. அங்கே என் டேப்பு எட்டியிருந்தது.

தரையில் கால் வைத்து அண்ணாந்து பார்த்தேன். மஞ்சள் கோடுகள் மேலே போகப் போக ஒன்றோடொன்று நெருங்கி, வரைபடத்தில் இருப்பது போல அழகாகத் தெரிந்தன.

"கிட்ட கிட்டதானேப்பா இருக்கு?" என்றாள் கீர்த்தனா.

"மேல ஒரு அடிம்மா. கோடு போட்டவனே சொல்றேன்."

அவள் போனை இறக்கிவிட்டு, கழுத்தைச் சாய்த்து, இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்தாள்.

மேடம் அங்கேயே, காரின் மேல் தாளை வைத்து, திட்டத்தைத் திருத்தினார். ஆறாம் தூணுக்குக் கறுப்புத் துணி தலை வரை. மேஸ்திரி சொன்னதை மட்டும் நம்பி விடக்கூடாது, மற்ற பதினொன்றையும் உச்சி வரை ஏறி அளக்க வேண்டும். யார் ஏறுவது என்று சொல்லாமல் என்னைப் பார்த்தார். வேலை இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் போலிருக்கிறது. சரிபார்ப்புத் தாளில் புதிதாக ஒரு வரியும் சேர்த்திருந்தார்: 'எந்த உயரம் வரை?' இருபது அடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வால் வைக்கவில்லை.

மேஸ்திரி அருகில் வந்து தாளை எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னா சூப்ரவைசரு," என்றார். "பாத்துட்டியா, இல்ல பாத்த மாதிரியா?"

"பாத்துட்டேன் மேஸ்திரி."

என் கால்களும் ஆமாம் ஆமாம் என்று ஆடிக்கொண்டிருந்தன.